வயித்த விடுங்க டீச்சர்

நிமிர்ந்து உக்காரு பிள்ள. கூன் போடாத. ஹேண்ட்பேக்க எதுக்கு அடிவயித்துல அமுக்கிட்டு இருக்க? உள்ள என்ன, தங்கமா வச்சிருக்க? செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்தா மட்டும் யாருக்கும் தெரியாமப் போயிருமா? இந்த வராண்டாவுல இருக்கவ எல்லாரும் ஒரே சோலிக்குத்தான் வந்திருக்கா. கதவுல போர்டு தொங்குது பாரு, 'மகளிர் இடுப்புத்தளப் பிரிவு'ன்னு. இடுப்புக்குத் தளமாம்! முப்பத்தி மூணு வருசம் டிரில் எடுத்திருக்கேன், கை தெரியும், கால் தெரியும், முதுகு தெரியும். இப்படி ஒரு தளம் இருக்குன்னு இந்த வருசந்தான் கேள்விப்படுதேன்.

நான் ராஜகனி டீச்சர். பி.டி. டீச்சர், ரிட்டயர்டு. எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல இறங்கி ராஜகனின்னு கேட்டா முழிப்பாங்க. விசில் டீச்சர்னு கேளு, சின்னப் பிள்ள கூட வீட்ட காட்டிரும். குடியரசு தின பரேடுக்கு நான் நிறுத்துத லைன் இருக்கே, நூல் பிடிச்ச மாதிரி இருக்கும். ஒரு பிள்ள அசையாது. மூக்குல ஈ உக்காந்தாலும் அசையாது.

இல்ல, நான் உக்காரலை. நீ இரு. நான் நின்னே பழகிட்டேன். பி.டி. டீச்சர் உக்காந்தா பிள்ளைங்க படுத்துரும்.

உள்ள இருக்கது என் மக. ஹெப்சிபா, ஒரே பிள்ள. மூணு மாசமா எங்கூடப் பேசலை. பெத்த தாய்ட்ட பேசலை பாத்துக்கோ. நேத்து என்ன நினைச்சாளோ, போன் போட்டா. சரி, அம்மா நெனப்பு வந்துட்டு போலன்னு எடுத்தா, வந்ததும் வராததுமா நிபந்தனை. "ம்மா, நாளைக்கு என் டயத்துக்கு அடுத்த டயம் உங்க பேருல வாங்கியிருக்கேன். நீங்க உள்ள போயி கோமதி மேடத்துட்ட காட்டுங்க. காட்டுனா நான் வீட்டுக்கு வாரேன். இல்லன்னா வர மாட்டேன்." வச்சுட்டா. ஹலோ கிலோன்னு நான் கத்துதேன், ஆள் இல்ல.

எனக்கு என்ன கேடு? இந்த வயசுலயும் நடந்தேன்னா நீ ஓடி வரணும் பின்னால. நான் காட்டதுக்கு வரலை, மகளக் கையோட கூட்டிட்டுப் போவம்னு வந்திருக்கேன். அவ வெளிய வரட்டும், பேசிக்கிடுதேன்.

அந்த பிசியோ கோமதியப் பாத்திருக்கியா நீ? முதல் தடவையா? பாரு, பாரு. முளைச்சு மூணு இலை விடலை. தோளுல ஒரு பையி, கால்ல ஒரு கேன்வாஸ் ஷூ, எங்கிட்ட ஒம்பதாங் கிளாஸ் படிச்ச பிள்ள மாதிரி இருக்கா. மேசையில ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பு வச்சிருக்கா, அதுக்குள்ள செவப்பு செவப்பா ரப்பர்ல தசை. அத எடுத்துக் கையில வச்சுட்டு, கறிக்கடையில கறி காட்டுத மாதிரி இதத் திருப்பு அதத் திருப்புன்னு காட்டுதா. "அடியில தாங்குத இந்தத் தசைதான் இடுப்புத்தளம், இது இறுகிப் போச்சும்மா, அதான் வலிக்கு"ங்கா. நான் கேட்டேன், "ஏம்மா, தசை இறுகுனா நல்லதுதான? தொளதொளன்னு இருந்தாத்தான வியாதி?"ன்னு. சிரிக்கா. டீச்சரப் பாத்து சிரிக்கா.

முதல்லருந்து சொல்லுதேன் கேளு. உள்ள போனவ எப்படியும் லேசுல வெளிய வர மாட்டா. அங்க போனா மூச்சு விடதுக்கே அவ்வளவு நேரமாகும்.

ஹெப்சிக்குக் கல்யாணமாயி ரெண்டாவது வருசம் இந்த வலி வந்துச்சு. வந்துச்சா, முன்னாலயே இருந்துச்சா, யாரு கண்டா. பேங்க்ல வேலை அவளுக்கு. நாள் முழுக்க உக்காரணும். உக்கார முடியலைன்னா. அடியில கத்திய வச்சுக் கீறுத மாதிரி இருக்குன்னா. ஒன்னுக்குப் போனா எரியுதுன்னா. அப்புறம் அது... புருசன் பொண்டாட்டி விசயம், உனக்குச் சொல்லணுமா, அதுவும் முடியலை. ஸ்கேன் எடுத்தாச்சு, ரத்தம் எடுத்தாச்சு, கிருமி இருக்கான்னு பாத்தாச்சு. ஒன்னுமில்ல. லேடி டாக்டர் எல்லாத்தையும் புரட்டிப் பாத்துட்டு, "பிசியோகிட்ட போங்க"ன்னுட்டா. பிசியோன்னா கால் ஒடிஞ்சவனுக்கு, பக்கவாதம் வந்தவனுக்கு. இவளுக்கு எது ஒடிஞ்சுது?

மருமகன் வீட்டுல என்ன சொன்னாங்க? அவன் அம்மா எங்கிட்ட நேர்ல வந்து, காப்பி குடிச்சுட்டு, பலகாரமெல்லாம் தின்னுட்டு, போகும்போது வாசல்ல நின்னு சொல்லுதா. "பிள்ளைய ஒங்க வீட்டுல வச்சுப் பாருங்க. நல்லா சரியானதும் அனுப்புங்க"ன்னு. நம்ம பக்கத்துல வழக்கந்தான. பொண்ணுக்கு ஒடம்புக்கு முடியலைன்னா தாய் வீடு. ஆனா அந்த 'நல்லா சரியானதும்' இருக்கே, அத அவ சொன்ன தோரணை எனக்குத் தெரியாதா? சரியாகலைன்னா அனுப்பாதீங்கன்னு அர்த்தம். நான் மனசுக்குள்ள, அடி இவளே, ராஜகனி மகள என்னன்னு நினைச்ச, ரெண்டே மாசத்துல பரேடுல நிக்க மாதிரி நிறுத்திக் காட்டுதேன்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பம்தான் இந்தக் கோமதிட்ட வர ஆரம்பிச்சோம். முதல் நாளே என்னைய வெளிய இருக்கச் சொல்லிட்டா. "பேஷண்ட் மட்டும்"னா. நான் பெத்ததடி இது, நான் பாக்காத இடமான்னு கேட்டேன். ஹெப்சி தலையக் குனிஞ்சுட்டு, "அம்மா இருக்கட்டும் மேடம்"னா. அவ அப்படித்தான். சின்னதுலருந்தே என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அப்படி வளத்தேன்.

உள்ள போயி கோமதி கேக்கா, "ஒரு நாளைக்கு எப்பப்போ பாத்ரூம் போவீங்க?" ஹெப்சி சொல்லுதா, "காலையில வீட்ட விட்டுக் கிளம்புறதுக்கு முன்ன போவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து போவேன்." கோமதி பேனாவைக் கீழ வச்சுட்டா. "இடையில?" "இடையில போற பழக்கமில்ல மேடம்." எனக்குப் பெருமைன்னா பெருமை. நான் சொன்னேன், "மூணு வயசுலருந்து பஸ்ஸுல ஒரு நாள் 'அம்மா, அவசரம்'னு கேட்டதில்ல இந்தப் பிள்ள. மத்த பிள்ளைங்க ஏர்வாடி போயிட்டு வாரதுக்குள்ள பஸ்ஸ ரெண்டு தடவை நிப்பாட்டும்"னு. எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான். பரேடு பிராக்டீஸ்ல எவளும் கையத் தூக்கக் கூடாது. அடக்கப் பழகணும். பொம்பளைன்னா அடக்கத் தெரியணும். அதுக்குப் பேர்தான் ஒழுக்கம். கோமதி அதெல்லாம் ஒவ்வொன்னா எழுதிக்கிட்டா. ஹெப்சியப் பாத்து, "இனிமே மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை போங்க"ன்னா. டாக்டர் குடுக்க மருந்தப் பாத்தியா! ஒன்னுக்குப் போ!

அடுத்தது அதவிட. கட்டில்ல படுக்க வச்சு, முட்டுக்கடியில தலையணை வச்சு, லைட்ட மங்கலாக்கி, "மூச்ச உள்ள இழுங்க, வயிறு பலூன் மாதிரி மேல வரட்டும். இப்பம் மெதுவா விடுங்க. அடி வரைக்கும் தளர விடுங்க. பூ விரியுத மாதிரி"ங்கா. கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கவனுக்கு மதி எங்க போச்சு? பிறந்த பிள்ளைக்கு மூச்சு விடத் தெரியும். எருமைக்குத் தெரியும். இவ டிகிரி வாங்கி மூச்சு விடச் சொல்லித் தாராளாம்.

அப்புறம் கையுறை மாட்டிட்டு உள்ள பரிசோதனை. சொல்லவே நாக்கு கூசுது. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னேன். அதுலயும் என்ன கூத்துன்னா, ஒவ்வொன்னுக்கும் அனுமதி கேக்கா. "இப்பம் தொடட்டுமா? நிறுத்தட்டுமா? இது போதுமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, நிறுத்திருவேன்." எந்த ஊர்ல டாக்டர் நோயாளிட்ட உத்தரவு கேப்பா? நான் பிள்ளைங்ககிட்ட, "கண்ணுகளா, இப்பம் விசில் ஊதட்டுமா, ஓடுறீங்களா"ன்னு கேட்டிருந்தா எந்தப் பிள்ள ஓடியிருக்கும்? அன்னைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் ஹெப்சி மூச்ச இழுக்கது கேட்டுச்சு. பொறவு பையச் சொன்னா, "வேண்டாம் மேடம், இன்னைக்கு வேண்டாம்"னு. கோமதி உடனே கையுறையக் கழட்டிட்டா. "ரொம்ப நல்லது ஹெப்சி"ங்கா. வேண்டாம்னு சொன்னதுக்குப் பாராட்டு! வெளிய வந்து பாக்கேன், என் மக அழுதுட்டு இருக்கா, ஆனா மொகம் சிரிச்ச மாதிரி இருக்கு. எனக்கு ஒன்னும் விளங்கலை. சவத்தத் தள்ளுன்னு பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். இந்தப் பிள்ள தூங்க வச்சே காசு வாங்குவா போலருக்கு. தசை விசயம் எனக்குத் தெரியாதா? பிரசவம் முடிஞ்சு வார டீச்சர்களுக்கெல்லாம் ஸ்டாஃப் ரூம்ல நான்தான சொல்லிக் குடுப்பேன். ஒன்னுக்க நிப்பாட்டுத மாதிரி இறுக்கிப் பிடி, பத்து எண்ணு, விடு, திரும்ப இறுக்கு. எத்தனை பேருக்கு இருமுனா ஒழுகுறது நின்னுருக்கு! இப்பம் போன்ல வார வீடியோவுலயும் அதத்தான் சொல்லுதா. அப்பம் கோமதி தசைன்னு சொன்னது சரி, விடச் சொன்னது தப்பு. விடச் சொல்லுததத் தள்ளிரணும். இறுக்குததப் பிடிச்சுக்கிடணும். அதுவும் நல்லா இறுக்கணும். நோய் பெரிசுன்னா டிரில்லும் பெரிசா இருக்கணுமா இல்லையா?

விடியக்காலையில எழுப்பிருவேன். மொட்டை மாடியில பாய விரிச்சு, பழைய விசில எடுத்தேன். ஒரு ஊது, இறுக்கு. ரெண்டு ஊது, விடு. வயித்த முதுகுத் தண்டோட ஒட்டணும். பிட்டத்த இறுக்கணும். தொடைக்கு நடுவுல ஒரு தலையணை, அது விழக் கூடாது. காலையில, மத்தியானம், சாயங்காலம். எதுத்த வீட்டு மேரி கூட மாடியிலருந்து எட்டிப் பாத்து, "டீச்சர், திரும்ப வேலைக்குச் சேந்துட்டீங்களா"ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

ஹெப்சி செஞ்சா. ஒரு வார்த்தை பேசலை, செஞ்சா. மொதல் வாரம், "ம்மா, மேடம் இதச் செய்யச் சொல்லலை"ன்னா. "மேடமா உன்ன பத்து மாசம் சுமந்தா"ன்னு கேட்டேன். அதுக்குப் பொறவு கேக்கலை. கோமதிட்ட போகும்போது மட்டும் முன்னாலயே சொல்லி வச்சேன், இதப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு. விடலை.

மருமகன் சனிக்கிழமை சனிக்கிழமை வருவான். ஆசீர்னு பேரு. மின்வாரியத்துல இருக்கான். ஆள் பாக்க ஆறடி, ஆனா பேச்சு பருத்தி மாதிரி. வந்தான்னா அவ பக்கத்துல தரையில உக்காந்துக்கிடுவான். நான் அவங்களத் தனியா விடுததில்ல. சரியாகாத பொண்ண எதுக்குத் தனியா விட?

சரியாச்சான்னு கேளு. கூடிருச்சு. கூடத்தான் செஞ்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுல போதகர் ஐயர் பிரசங்கம் பாதியில இருக்காரு, இவ பெஞ்சிலருந்து எந்திரிச்சா. பின்னால போயி தூணப் பிடிச்சுட்டு நின்னா. ஆராதனை முடியுத வரைக்கும் நின்னா. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்காங்க. "என்ன ஹெப்சி, விசேஷமா"ன்னு ஒருத்தி என் காதுபடக் கேக்கா. எனக்கு அப்படியே தரையப் பிளந்து உள்ள போயிரணும் போல இருந்துச்சு. வீட்டுக்கு வந்து டிரில்ல இன்னொரு தடவை கூட்டுனேன்.

அன்னைக்கு சாயங்காலந்தான் மாடியில, நான் விசில வாயில வச்சேன், ஊதக் கூட இல்ல. பாயில சுருண்டு கிடந்தவ ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. "ஊதாதீங்கம்மா. உங்க காலுல விழுதேன், ஊதாதீங்க." இவள நான் அடிச்சேனா, வஞ்சேனா? எனக்குக் கோவம் வந்துட்டு. ஹெப்சி மேல இல்ல, அந்தக் கோமதி மேல. மூச்சு விடு, பூ விரின்னு சொல்லிப் பிள்ளையக் கோழையாக்கி வச்சிருக்கா. மறுநாள் மொத பஸ்ஸுக்கு வந்துட்டோம், சண்டை போட. ஆசீரும் லீவு போட்டு வந்திருந்தான்.

நல்லாக் கேட்டேன். "நீ படிச்ச படிப்பு என்ன, என் பிள்ளைக்குக் கூடிட்டே போகுது, நீ என்ன வைத்தியம் பாக்க"ன்னு, இந்த வராண்டாவே கேக்க மாதிரி கேட்டேன். கோமதி சத்தம் போடலை. "ஹெப்சி, வீட்டுல என்ன என்ன செய்யுதீங்க, ஒன்னு விடாமச் சொல்லுங்க"ன்னா. ஹெப்சி வாயத் திறக்கலை. என்னைக் காட்டிக் குடுக்கலை பாரு, என் வளர்ப்பு. நானே சொன்னேன். விசில், தலையணை, மூணு வேளை, எல்லாம். மறைக்கதுக்கு என்ன இருக்கு? அதுக்கு எனக்கு மெடல் குத்துவான்னா நினைச்சேன், ஆனாலும் ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லியிருக்கலாம். "டீச்சர், ஏற்கெனவே முறுக்கேறின கயித்த இன்னும் முறுக்கியிருக்கீங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஆசீர் எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போயித் திரும்பி நின்னுக்கிட்டான்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துட்டு. "முறுக்குனா வலிக்குமா? நான் வாழ்நாள் பூரா முறுக்கித்தான் வச்சிருக்கேன். என்னையப் பாரு"ன்னேன்.

அவ பாத்தா. "சரி டீச்சர், நீங்க படுங்க"ன்னா.

எதுக்குப் பயம்? படுத்தேன். ஆசீர வெளிய அனுப்பிட்டு, முட்டுக்கடியில தலையணை வச்சா. "டீச்சர், தொடட்டுமா"ன்னு என்கிட்டயும் கேட்டா. தொட்டுக்கோன்னேன். வயித்து மேல கைய வச்சா. "வயித்த விடுங்க டீச்சர்." "விட்டுட்டேன்." "இல்ல, இன்னும் பிடிச்சிருக்கீங்க." "இதுதான் எனக்கு விட்டது." "இன்னும் கொஞ்சம்." "இன்னும் விடதுக்கு என்ன இருக்கு?" திரும்பத் திரும்பச் சொல்லுதா, நானும் விடப் பாக்கேன், ஒரு பொட்டு அசையலை! இந்த வயசுல! முப்பது வயசுக்காரி எவளாவது அப்படி இருக்கச் சொல்லு பாப்போம். கோமதி வாயடைச்சுப் போயிட்டா. ஹெப்சியக் கூப்பிட்டு, "அம்மா வயித்துல கைய வச்சுப் பாருங்க"ன்னா.

ஹெப்சி வந்து கைய வச்சா. அவ கை குளுந்திருந்துச்சு. பெரிய பிள்ளையான பொறவு அவ என்னைய அப்படித் தொட்டதே கிடையாது. வச்சுட்டு, "கல்லு மாதிரி இருக்கும்மா"ன்னா. நான், "பாத்தியா!"ன்னேன். அவ அழ ஆரம்பிச்சுட்டா. எதுக்கு அழுதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. "விடுங்கம்மா, விடுங்கம்மா"ங்கா. எத விடச் சொல்லுதா, எனக்கு எப்படித் தெரியும்?

கட்டிலவிட்டு இறங்கும்போது எனக்குச் சுருக்குன்னு பிடிச்சுது. அது எப்பமும் பிடிக்கும், அது கிடக்கு. கோமதி பாத்துட்டா. "எங்க வலிக்கு டீச்சர்?" நான் எரிச்சல்ல சொல்லிட்டேன், "வலிக்கத்தான் செய்யும்! எந்தப் பொம்பளைக்கு வலிக்கலை? வலிக்குன்னு நான் ரூம்பு போட்டுப் படுத்தேனா? பரேடு நடத்தலையா? இவளப் பெக்கலையா?"

ஹெப்சி கண்ணத் தொடச்சுட்டுக் கேட்டா, "உங்களுக்கு எப்பம் இருந்தும்மா?"

என்ன கேள்வி அது? தாய்ட்ட கேக்க கேள்வியா? "செருப்ப மாட்டு, போவம்"னேன். அவ செருப்ப மாட்டிக்கிட்டு எங்கூட வரலை. வராண்டாவுல நின்ன ஆசீர் கையப் பிடிச்சா. "நம்ம வீட்டுக்குப் போவோம்"னா. சரியாகாமலே போயிட்டா! அவன் அம்மாக்காரி என்ன சொல்லுவான்னு ஒரு யோசனை இல்ல. அந்தப் பய அவன் அம்மாட்ட, "சரியாகி வர வேண்டாம்மா, வந்து சரியாகட்டும்"னு சொல்லிட்டானாம். நான் மட்டும் தனியா பஸ்ஸுல, கம்பியப் பிடிச்சு நின்னுட்டே ஊருக்கு வந்தேன். சீட்டு இருந்துச்சு. எதுக்கு உக்காரணும்?

இப்பம் எப்படி இருக்கான்னு கேக்கியா? இப்பம் நல்லாருக்காளாம். மேரி மகதான் பாத்துட்டு வந்து சொன்னா. பேங்க்ல நாற்காலியில உக்காந்து வேலை பாக்காளாம், நடுவுல நடுவுல எந்திரிச்சு நடக்காளாம். எல்லாம் நான் போட்ட அஸ்திவாரம். அத எவ ஒத்துக்கிடுதா? கோமதி பேருதான் ஊரெல்லாம். உழுதவ ஒருத்தி, அறுத்தவ ஒருத்தின்னு ஆகிப் போச்சு.

அந்த ஆசீர் இருக்கானே, அவன் கூத்தக் கேளு, இதுவும் மேரி மகட்ட ஹெப்சி சொன்னதுதான். ராத்திரி அவளுக்குப் பக்கத்துல இன்னொரு பாய விரிச்சு, அவனும் முட்டுக்கடியில தலையணை வச்சுப் படுத்து, அவனும் மூச்சு விடுதானாம்! ஆம்பள! இடுப்புல தளம் இல்லாதவன்! அவ தும்முனா ஓடி வந்து "வலிக்கா"ன்னு கேப்பானாம். சோறு போட்டுட்டு உக்காந்தா "வலிக்கா". வண்டி பள்ளத்துல இறங்குனா "வலிக்கா". மத்த நேரத்துலயும் கேப்பான்போல. அவ வேண்டாம்னா வேண்டாமாம், திரும்பிப் படுத்துத் தூங்கிருவானாம். கோட்டிப்பய. ஆம்பளைன்னா ஒரு கெத்து வேண்டாமா?

எங்க வீட்டுக்காரர் இருந்தாரே. ஹெட்மாஸ்டரா இருந்தாரு. தங்கமான மனுசன். குடி கிடையாது, ஒரு நாள் என் மேல கை ஓங்குனது கிடையாது. சம்பளத்தக் கொண்டாந்து என் கையிலதான் தருவாரு. ஹெப்சிக்கு அப்பான்னா உயிர். வீட்டுல இருந்த வரைக்கும் அவர் போட்டோவுக்கு அவதான் பூ வைப்பா. அவரு... நீ யாரோ எவரோ, உங்கிட்டச் சொன்னா என்ன. இன்னைக்குப் பாப்பேன், நாளைக்குப் பாக்க மாட்டேன். எனக்கு எப்பம் இருந்துன்னு கேட்டா, கல்யாணமான அன்னையிலருந்து. அன்னைக்குப் பல்லக் கடிச்சு வயித்த இறுக்குனவதான். இறுக்குனாப் பொறுத்துக்கிடலாம். பழகிட்டு. அவர் தப்பில்ல பிள்ள. அவர் கேட்டதே இல்ல. ஒரு நாள் கூடக் கேக்கலை. கேக்கணும்னு அவருக்குத் தெரியாது, சொல்லணும்னு எனக்குத் தெரியாது. அவரும் போயிச் சேந்துட்டாரு.

இத நான் அந்த ரூம்புக்குள்ள போயி, மக முன்னால சொல்லணுமா? அவ அப்பா போட்டோவ அவ எப்படிப் பாப்பா பொறவு? அதான் நான் போகலைங்கேன். வேற ஒன்னும் பயமில்ல. அவ வரலைன்னா வர வேண்டாம். நான் இருந்துக்கிடுவேன். சோத்தப் பொங்குனமா, தின்னமா, மாடியில நடந்தமான்னு... இருந்துக்கிடுவேன். என்ன, வீட்டுல பேச்சுச் சத்தம் இல்லாமக் கிடக்கு, அதான் வயித்தெரிச்சல்.

கண்ணத் துடை பிள்ள. நீ எதுக்கு அழுத? இந்தா, முந்தானை இருக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தொட்டதுக்கெல்லாம் கண்ணீரு. நிமிர்ந்து உக்காரு. வேண்டாம், எப்படி உக்காந்தா சரிப்படுமோ அப்படி உக்காரு. நான் சொல்லி என்ன ஆகப்போகுது.

அன்னா வாரான் பாரு, நான் சொன்னேன்லா, என் மருமகன். காப்பி கையில. பாத்தா மின்கம்பம் நடந்து வார மாதிரி இல்ல? எதுக்குப்பா எனக்குக் காப்பி? பஸ் ஸ்டாண்டுலயே குடிச்சுட்டேன். வை, அங்க வை. என்ன அப்படிப் பாக்க?

என்ன?

பாத்தியா பிள்ள, பாத்தியா, நான் சொல்லலை? எங்கிட்டயே கேக்கான். "அத்தை, வந்ததுலருந்து நின்னுட்டே இருக்கீங்க, உக்கார வலிக்கா"ன்னு கேக்கான். மாமியாட்ட கேக்க கேள்வியா இது? எவனாவது கேப்பானா? வெக்கங்கெட்ட பய. பெத்தவன் கேக்கலை, கட்டுனவன் கேக்கலை, முப்பத்தி மூணு வருசம் வேலை பாத்த இடத்துல ஒருத்தி கேக்கலை, இவன் வந்து காப்பி டம்ளரப் பிடிச்சுட்டு...

போ ஆசீரு, அந்தப் பக்கம் போ. போன்னா போக மாட்டியா? சும்மா என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்க.

வலிக்கு.

ஆமாப்பா, வலிக்கு. உக்காந்தாலும் வலிக்கு, நின்னாலும் வலிக்கு. போதுமா? கதவு திறக்கு பாரு, ஹெப்சி வாரா. அவகிட்ட நீ சொல்லாத. நானே சொல்லிக்கிடுதேன்.